கம்பெனி வயதில் எடுத்த லைசென்ஸ்

திருப்பூர், 12.12.2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.30 மணிக்கு நிலையத்தில் தானாக வந்து ஆஜரான செல்லத்தாய், பெண் சார்பு ஆய்வாளர் முன்னிலையில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர்: செல்லத்தாய். கணவர்: பெருமாள்சாமி (காலஞ்சென்றவர்). வயது: 43. தொழில்: பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. முகவரி: அனுப்பர்பாளையம், லைன் வீடு, ஆறாம் நம்பர். சொந்த ஊர்: விளாத்திகுளம் பக்கம்.

நான் மேற்படி முகவரியில் என் ஒரே மகள் ஜோதிகாவுடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். என் வயதை 43 என்று எழுதச் சொன்னேன். கம்பெனி அட்டையை எடுத்துப் பார்த்தால் அதில் 38 என்று இருக்கும். நாற்பது தாண்டினவளை வேலைக்குச் சேர்க்க யோசிப்பார்கள் என்று நான்தான் ஐந்தைக் குறைத்துக் கொடுத்தேன். என் வயது இப்போது யாருக்கும் முக்கியம் இல்லை, இருந்தாலும் பொய்யில் ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்கிறேன். நான் வந்த காரியம் வேறு. இரண்டு இரவுகளாகப் பெண்கள் சிறையில் இருக்கும் என் மகளுக்கு வயது பத்தொன்பது இல்லை, பதினேழு. அவளை அங்கே வைத்திருக்கக் கூடாது.

என் மகள் பிறந்தது 14.03.2008 அன்று. என் கணவர் இறந்து மூன்று வருடம் ஊரில் தாக்குப்பிடித்தேன். 2024 மே மாதம் அவள் பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் எடுத்துத் தேறிய பிறகு இருவரும் திருப்பூர் வந்தோம். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரான சகாயராஜ் என்பவர் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறார். அவரிடம் மகளுக்கும் ஒரு வேலை கேட்டேன். பதினெட்டு முடிந்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள், வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வருகிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆர்டரே போய்விடும் என்று சொன்னார். அப்போது அவளுக்குப் பதினாறு.

எங்கள் லைனில் இப்படிப் பலருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று சொந்த வயது, இன்னொன்று கம்பெனி வயது. பிள்ளைகளுக்குக் கூட்டுவோம், எங்களுக்குக் குறைப்போம். யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை. அதன் பிறகு நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ராபின் என்ற தம்பியிடம் போனேன். அவன் முதலில் மாட்டேன் என்றான். நான்தான் மூன்று நாள் அவன் கடை வாசலில் நின்று, வாயில் வந்ததை எல்லாம் பேசி, கடைசியில் அழுது காரியத்தைச் சாதித்தேன். பள்ளிச் சான்றிதழின் நகலில் வருடம் மாற்றப்பட்டு, அதை வைத்து ஆதார் அட்டையில் 2008 என்பது 2006 ஆனது. தேதியும் மாதமும் அப்படியே இருந்தன. இதற்கு ராபினை மட்டும் பிடித்தால் அது நியாயம் இல்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் ஆடிட் வருகிறது என்று சொன்னார்கள். வீட்டில் வேறு தேதி போட்ட காகிதம் எதுவும் இருக்க வேண்டாம், சில சமயம் வீடு வரைக்கும் வந்து விசாரிப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். லைன் வீட்டுக்குப் பொதுவாக ஒரு வெந்நீர் அடுப்பு இருக்கிறது, அதில் பனியன் வேஸ்ட் போட்டுத்தான் எரிப்போம். மறுநாள் காலையில் நான் தண்ணீர் காயவைக்கும்போது அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் வேஸ்ட் துணியோடு சேர்த்து உள்ளே தள்ளினேன். அவள் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அந்தத் தண்ணீரில்தான் இருவரும் குளித்துவிட்டு வேலைக்குப் போனோம்.

அதன் பிறகு தினமும் அவளுக்குச் சடை பின்னும்போது கேள்வி கேட்பேன். வயது என்ன என்று கேட்டால் பதினெட்டு என்று சொல்ல வேண்டும். பிறந்த தேதி கேட்டால் 2006 என்று முடிக்க வேண்டும். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் பதினாறு என்று சொல்லிவிட்டாள். நான் சீப்பால் அவள் தோளில் அடித்தேன். யார் கேட்டாலும், சாமியே வந்து கேட்டாலும் கம்பெனி வயதைத்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை என்று சொன்னேன். ஆடிட் அன்று அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்களாம். கேட்டு முடிக்கும் முன் சொல்லிவிட்டேன் என்று வந்து பெருமையாகச் சொன்னாள். நானும் கெட்டிக்காரி என்று அவளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

கம்பெனியில் பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டுவது வழக்கம். இந்த வருடம் மார்ச் 14 அன்று அவளுக்கும் வெட்டினார்கள். ஒன்று, ஒன்பது என்று இரண்டு எண் மெழுகுவர்த்தி வைத்தார்கள். அவள் ஊதி அணைத்ததை நானும் நின்று கைதட்டிப் பார்த்தேன். நிஜத்தில் அன்றுதான் அவளுக்குப் பதினேழு பிறந்தது.

அவள் செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்தாள், சாயங்காலம் காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். செப்டம்பர் மாதம் ஃபாலோ-அப் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அது சாம்பிள் துணி, காலர் கட்டு இவற்றை ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டாம், ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள், தபால் வழியில் பன்னிரண்டாவது படித்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், லைசென்ஸ் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. சாப்பிடும்போது தட்டில் சோற்றை ஒதுக்கிவிட்டு விரலால் எட்டு போட்டுப் பார்ப்பாள். நான் ஒரு பழைய ஸ்கூட்டரை என் பெயரில் வாங்கினேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியை அவள் கையில்தான் கொடுத்தேன், இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

லைசென்ஸுக்குப் பதினெட்டு வயது வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வயது என்பது அட்டையில் இருப்பதுதான் என்று ஆகிவிட்டிருந்தது. வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். போட்டபோது ஆதார் எண்ணை அடித்ததும் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் தானாக வந்து விழுந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, நாங்கள் கொடுத்த பொய்தான் திரும்பி வந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவிங் ஸ்கூல் திருமூர்த்தி என்பவர் காலி மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து பழக்கிவிட்டார். முதல் தடவை டெஸ்ட்டில் அவள் திருப்பத்தில் காலை ஊன்றிவிட்டாள், ஃபெயில் ஆனாள். வீட்டுக்கு வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. இரண்டாவது தடவை நவம்பர் மாதம் நான் அரை நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். டெஸ்ட் எடுத்த அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, பார்த்தால் ஸ்கூல் பிள்ளை போல இருக்கிறாயே என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே 14.03.2006 சார் என்றாள், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பிறகு காலை ஊன்றாமல் எட்டு போட்டு முடித்தாள். நான் வேலிக்கு வெளியே நின்று அழுதேன். என் வம்சத்தில் வண்டி ஓட்டிய முதல் பொம்பளை அவள்தான்.

லைசென்ஸ் அட்டை 06.12.2025 சனிக்கிழமை தபாலில் வந்தது. கம்பெனி அட்டையில் அவள் முகம் பயந்தாற்போல இருக்கும், இதில் சிரித்திருந்தாள். அதை வாங்கிப் பார்க்காத ஆள் எங்கள் லைனில் இல்லை. 08.12.2025 திங்கட்கிழமை காலையில் சகாயராஜ் அவளை ஃபாலோ-அப்பில் போட்டார். அதுதான் முதல் நாள்.

அன்று காலை சுமார் 10.15 மணிக்கு அவள் நிட்டிங் யூனிட்டில் காலர் கட்டையும் சாம்பிள் பனியன்களையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பியிருக்கிறாள். ஃபாலோ-அப்காரர்கள் எல்லாரும் அந்தக் கட்டை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டுவார்கள். அவளும் அப்படியே வைத்திருக்கிறாள். டிரைவிங் ஸ்கூலில் வெறும் வண்டியில்தான் பழகியவள். சந்து திரும்பும்போது கட்டு சரிந்து ஹேண்டில் திரும்பவில்லை. எதிரே சைக்கிளில் வந்த பாத்திரப் பட்டறைத் தொழிலாளி பொங்கியண்ணன், வயது சுமார் 61, என்பவர் மீது வண்டி மோதி, அவர் விழுந்ததில் சாக்கடைக் கல்லில் பின்தலை அடிபட்டது. என் மகள் ஓடவில்லை. சாம்பிள் பனியன்களைப் பிரித்து அவர் தலைக்கடியில் வைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இதை நான் நேரில் பார்க்கவில்லை, அங்கிருந்தவர்கள் சொல்லி அறிந்தேன்.

தகவல் தெரிந்து நான் அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். அவள் கையெல்லாம் ரத்தமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காவலர் ஒருவர் நோட்டை வைத்துக்கொண்டு என்னிடம், பொண்ணுக்கு வயசு என்னம்மா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

"பத்தொம்போது சார்" என்று சொன்னேன்.

தேதியை அவர் கேட்கவில்லை, நானாகவே 14.03.2006 என்றும் சொன்னேன். அவள் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நானே நீட்டினேன். அதுதான் எங்களைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தேன். ஒன்றரை வருடமாக அந்தக் கேள்விக்கு என் வாய் அந்தப் பதிலைத்தான் சொல்லிப் பழகியிருந்தது. அன்று ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு 10.12.2025 புதன்கிழமை காலை பொங்கியண்ணன் இறந்துவிட்டார். அன்று மதியம் என் மகளைக் கைது செய்தீர்கள். இது ஜாமீன் கொடுக்கக்கூடிய வழக்குதான், உள்ளூர்க்காரர் இரண்டு பேர் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட்டால் விட்டுவிடலாம் என்று சொன்னீர்கள். நான் செருப்பு அறுந்துபோகும் அளவுக்கு அலைந்தேன். சகாயராஜுக்கு இங்கே சொந்த வீடு இல்லை. கம்பெனி ஆபீஸில் என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவிங் ஸ்கூல் திருமூர்த்தி போனை எடுக்கவில்லை. லைன் வீட்டுக்காரரிடம் போய்க் காலில் விழப் போனேன், அவர் பதறி எழுந்துகொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. செத்தவரு எங்க பங்காளிங்க. நான் எப்படிங்க வந்து கையெழுத்துப் போடறது" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் கோர்ட்டில் நீதிபதி அவளிடம் வயது கேட்டார். பத்தொன்பது என்று சொன்னாள். ஜாமீன்தாரர் யாரும் இல்லாததால் ரிமாண்ட் ஆனது. வெளியே வந்ததும் இலவசச் சட்ட உதவி வக்கீல் ரைசா என்ற மேடம் என்னைத் தனியே அழைத்து, நிஜமாகவே பத்தொன்பதுதானா என்று கேட்டார். நான் அப்போதுதான் முதன்முதலாக இன்னொரு ஆளிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பதினேழு என்றால் அவளைப் பெரியவர்களோடு சிறையில் வைக்கவே கூடாது, சிறார் நீதிக் குழுமத்தின் முன்னால் கொண்டுபோய், அநேகமாக அம்மாவிடமே ஒப்படைத்துவிடுவார்கள் என்றார். ஆனால் வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, வயது குறைந்த பிள்ளையிடம் வண்டி கொடுத்ததற்கு உங்கள் மேல் வழக்கு வரும், மூன்று வருடம் வரைக்கும் தண்டனை வரலாம் என்றும் சொன்னார். என் மகள் பெண் காவலரோடு பத்தடி தூரத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

11.12.2025 வியாழக்கிழமை காலையில் நான் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சாவு வீட்டில் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். பாத்திரத்துக்குப் பாலிஷ் போட்ட அவருடைய கைகளில் படிந்த கறுப்பு, கழுவிய பிறகும் போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி நல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று ஒருவர் அவரிடம் சொன்னார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. புள்ளைக்கு என்ன வயசுங்க என்று மட்டும் கேட்டார். பிணத்தின் முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினேழு என்றேன்.

"பதினேழு வயசுப் புள்ள கையில வண்டியக் குடுத்தனுப்பிச்சீங்களா சாமி? எம்பட ஊட்டுக்காரரு அந்தப் புள்ளையால சாகலீங்க. உங்களாலதான் செத்தாரு" என்றார்.

அவர் சொன்னது சரி. அதை இந்த வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள்.

(சாட்சிக்குத் தண்ணீர் கொடுத்து, மீண்டும் தொடரப்பட்டது.)

அதன் பிறகு எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் 14.03.2008 என்றே இருக்கிறது, முறைப்படி கடிதம் வந்தால் நகல் அனுப்புகிறேன் என்றார். நாளை சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. அந்தத் தேதி போட்ட சான்றிதழ் என் வீட்டுப் பெட்டியில் இருந்திருந்தால் புதன்கிழமையே கோர்ட்டில் நீட்டியிருப்பேன். நான் அதை வெந்நீருக்கு எரித்தவள். ரைசா மேடம் மனு தயார் செய்திருக்கிறார். ஆனால் பிள்ளையும் ஒத்துச் சொன்னால்தான் வேலை சீக்கிரம் நடக்கும், அவளே பத்தொன்பது என்று நின்றால் பதிவேட்டுக்குக் காத்திருந்து, டாக்டர் பரிசோதனை அது இது என்று இழுத்துக்கொண்டு போகும் என்றார்.

ஆகவே இன்று காலை சிறையில் மனு எழுதிக் கொடுத்து என் மகளைப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். சடை பின்னாமல் முடியை அள்ளி முடிந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனாயா என்று கேட்டாள், போனேன் என்றேன். அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாள், அதை நான் சொல்லவில்லை. பிறகு நான், நீதிபதி அய்யா திரும்பக் கேட்பார், அப்போது பதினேழு என்று சொல்லிவிடு, நிஜத்தைச் சொன்னால் போதும், உன்னை விட்டுவிடுவார்கள் என்று கெஞ்சினேன். உன்னைப் பிடித்துப் போடுவார்களே என்றாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது, உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா உன் வயது என்று கத்தினேன். பக்கத்தில் மற்றவர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. ஆடிட்டுக்குச் சொல்வதுபோல நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"யாரு கேட்டாலும், சாமியே வந்து கேட்டாலும் கம்பெனி வயசைத்தான் சொல்லணும்னு நீதானம்மா சொல்லிக்குடுத்த. எனக்குப் பத்தொம்போது."

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். நான் சிறை வாசலிலிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

என் மகள் உங்களிடம் சொன்னதும் நீதிபதியிடம் சொன்னதும் அவள் சொல் இல்லை, நான் சீப்பால் அடித்துப் பழக்கிய சொல். 08.12.2025 அன்று மருத்துவமனையில் நான் கொடுத்த வயது பொய். ஆதாரில் வருடத்தை மாற்ற வைத்தவள் நான். சான்றிதழை எரித்தவள் நான். லைசென்ஸ் எடுக்கக் கூட்டிப் போனவளும், வண்டிச் சாவியைக் கொடுத்தவளும் நான். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன், ஓட எனக்கு இடமும் இல்லை. அவளை மட்டும் இன்று இரவு அங்கே படுக்க வைக்காதீர்கள். இன்று முடியாது என்றால் நாளை. பள்ளிக்குப் போக வேண்டிய கடிதத்தை நான் இங்கே இருக்கும்போதே எழுதிவிடுங்கள், அதுவரைக்கும் நான் இந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லித்தரவும் இல்லை. என் வயது 43. என் மகள் ஜோதிகாவின் வயது 17. இந்த முறை நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

(ஒப்பம்) பெ. செல்லத்தாய்